கிளிவெக் வழக்கும் நீதிக் கோட்பாடுகளும்: ஒரு மேலாளர் எதைக் கொண்டு முடிவெடுப்பது?

கேள்வி — மேலாண்மை மாணவி

அனைவருக்கும் வணக்கம். வணிக மேலாண்மை முதுகலைப் படிப்பில் வணிக அறவியல் தாளுக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். உண்மையில் நிகழ்ந்த ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு, ஒன்றோடொன்று முரண்படும் நீதிக் கோட்பாடுகளை அதன்மீது பொருத்திப் பார்க்க வேண்டும். நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளிவெக் மருந்து வழக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இமாடினிப் என்னும் வேதிப்பொருளைக் கொண்ட இந்த மருந்து, நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய்க்காக 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நாள்தோறும் உட்கொண்டால் பெரும்பாலான நோயாளிகள் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். இதன் மூலக்கூறுகள் ஒரு குறிப்பிட்ட முறையில் அடுக்கப்பட்ட பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நிறுவனம் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பொருளின் புதிய வடிவம் அப்பொருளின் செயல்திறனைக் கூட்டினாலொழிய அது புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்று 2005இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு கூறுகிறது. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அந்தப் பிரிவே செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை வழங்க மறுத்தது.

கிளிவெக்கின் விலை மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய் என்றும், அதே வேதிப்பொருளைக் கொண்டு இந்திய நிறுவனங்கள் தயாரித்த ஜெனரிக் மருந்தின் விலை 8,000 முதல் 10,000 ரூபாய் வரை என்றும் அப்போது பரவலாக எழுதப்பட்டது. அதே சமயம், இந்தியாவில் கிளிவெக் பெறும் நோயாளிகளில் 95 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 16,000 பேருக்கு, உதவித் திட்டத்தின் மூலம் இலவசமாகவே தருவதாக நிறுவனம் கூறியது.

என் சிக்கல் இதுதான். மொத்த நன்மையை மிகுதியாக்குவதே சரி என்னும் பயன்பாட்டுவாதம், பின்தங்கியவர்களின் நிலையை முன்வைக்கும் ஜான் ரால்ஸின் நீதிக் கோட்பாடு, ஒரு பொருள் நேர்மையான வழியில் கைக்கு வந்ததா என்று பார்க்கும் ராபர்ட் நோசிக்கின் உரித்துடைமைக் கோட்பாடு ஆகிய மூன்றையும் வரிசையாகப் பொருத்திப் பார்த்தேன். எந்தக் கோட்பாட்டை எடுத்தாலும் அதைக் கொண்டு நிறுவனத்தைக் குற்றஞ்சாட்டவும் முடிகிறது, காப்பாற்றவும் முடிகிறது. நான் முன்கூட்டியே விரும்பிய விடையைத்தான் கோட்பாட்டின் வாயிலாகச் சொல்லவைக்கிறேனோ என்ற ஐயம் எழுகிறது. அந்த நிறுவனத்தின் இந்தியப் பிரிவில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் ஒருவர் இக்கோட்பாடுகளை எப்படி நேர்மையாகப் பயன்படுத்த முடியும்?

மறுமொழி 1 — அறவியல் ஆசிரியர்

மாணவிக்கு வணக்கம். உங்களுக்கு ஐயம் எழுந்ததே நல்ல தொடக்கம். பெரும்பாலான கட்டுரைகள் "நோசிக் நிறுவனத்தின் பக்கம், ரால்ஸ் நோயாளிகளின் பக்கம், பயன்பாட்டுவாதம் கணக்கைப் பொறுத்தது" என்று மூன்று பத்திகளில் முடித்துவிடுகின்றன. அந்தப் பங்கீடு ஏறத்தாழ முழுவதும் தவறு என்பது என் கருத்து.

நோசிக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இந்தச் சிக்கலுக்கு மிக அருகில் வந்து எழுதியவர் அவர்தான். 1974இல் வெளிவந்த தம் நூலில் அவர் மருந்தையே எடுத்துக்காட்டாகக் கையாள்கிறார். ஒரு நோயைக் குணப்படுத்தும் புதிய பொருளை உருவாக்கிய ஆய்வாளர் தம் நிபந்தனைகளின்படி அல்லாமல் அதை விற்க மறுத்தால், அவர் பிறருடைய நிலையை மோசமாக்கவில்லை என்கிறார். அவர் அதை உருவாக்கியிராவிட்டால் அந்தப் பொருளே அவர்களுக்குக் கிடைத்திருக்காது. அவர் பயன்படுத்திய மூலப்பொருள்கள் மற்றவர்களுக்கும் எளிதில் கிடைப்பவை. பாலைவனத்தில் வற்றாது எஞ்சியிருக்கும் ஒரே ஊற்றைச் சொந்தமாக்கிக்கொண்டு விரும்பிய விலை கேட்பவரை இதிலிருந்து வேறுபடுத்தி, அவருக்கு அந்த உரிமை இல்லை என்றும் சொல்கிறார். இதுவரை படித்தால் நோவார்ட்டிஸுக்கு ஆதரவாகத்தான் தோன்றும். ஆனால் அவர் அங்கேயே நிற்கவில்லை. அதே கண்டுபிடிப்பைத் தாமாகவே எட்டக்கூடிய இன்னொருவரைக் காப்புரிமை தடுக்கலாகாது என்றும், காப்புரிமைக்குக் கால வரம்பு வேண்டும் என்றும், அந்த வரம்பு மற்றவர்கள் அதைத் தாமாகக் கண்டுபிடிக்க எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்பதையொட்டி அமையலாம் என்றும் கூறுகிறார்.

ஆகவே நோசிக்கின் வழியில் செல்பவர் கேட்க வேண்டியது, "இந்த உரிமை எப்படி வந்தது?" என்பதே. இங்கு வரலாறு முக்கியமாகிறது. இமாடினிப்புக்கான மூலக் காப்புரிமை விண்ணப்பங்கள் 1990களின் தொடக்கத்தில் வெளிநாடுகளில் செய்யப்பட்டபோது, இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை என்பதே கிடையாது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் தயாரிப்பு முறைக்கு மட்டுமே அதை அனுமதித்தது. அச்சட்டத்துக்கு அடித்தளமிட்டது நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959இல் அளித்த அறிக்கை. எனவே சென்னையில் கேட்கப்பட்டது இமாடினிப்புக்கான உரிமை அன்று. அதன் ஒரு படிக வடிவத்துக்கான உரிமை. அந்த வடிவம் உடலில் 30 விழுக்காடு கூடுதலாக உறிஞ்சப்படுகிறது என்று நிறுவனம் காட்டியது. செயல்திறன் என்றால் நோயைக் குணப்படுத்தும் திறன், அது கூடியதாகக் காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னும் பின்னோக்கிப் போனால், இந்த நோய்க்குக் காரணமான குரோமோசோம் பிறழ்வை 1960இல் பிலடெல்பியாவில் இரு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். அது ஒன்பதாம், இருபத்திரண்டாம் குரோமோசோம்களுக்கு இடையே நிகழும் இடமாற்றம் என்பதை 1973இல் சிகாகோவில் ஜேனட் ரவுளி காட்டினார். மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க இடைவிடாது வற்புறுத்தியவர் ஓரிகன் பல்கலைக்கழக மருத்துவர் பிரையன் டிரக்கர். நோயாளிகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் நிறுவனம் தொடக்கத்தில் தயங்கியது. உழைப்பும் இடர்ப்பாடும் நிறுவனத்துக்கு இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறுவனத்தின் வேதியியலாளர்கள்தான் மூலக்கூறை உருவாக்கினார்கள். ஆனால் உரிமையின் தோற்றுவாயை மட்டுமே நம்பி நிற்கும் ஒரு கோட்பாடு, இத்தனை பேருடைய பங்கையும் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வையும் கணக்கில் எடுக்காமல் விடமுடியாது.

ரால்ஸுக்கு வருகிறேன். தாம் பணக்காரரா ஏழையா, நலமுள்ளவரா நோயாளியா என்று அறியாத அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று விதிகளை வகுக்கச் சொல்கிறார். ஏற்றத்தாழ்வுகள் மிகவும் பின்தங்கியவர்களுக்கு நன்மை தரும்போது மட்டுமே ஏற்கத்தக்கவை என்பது அவருடைய வேறுபாட்டுக் கொள்கை. இதைக் கொண்டு மாத்திரையின் விலையை நேரடியாக நிர்ணயிக்க முடியாது. அவருடைய கொள்கைகள் ஒரு சமுதாயத்தின் அடிப்படைக் கட்டமைப்புக்கு உரியவை. தனி நிறுவனத்தின் விலைப்பட்டியலுக்கு உரியவை அல்ல. அவருடைய மூல வடிவத்தில் நோயே பெரிதாக இடம்பெறவில்லை. மெய்யியலாளர் நார்மன் டேனியல்ஸ்தான் பின்னர், நோய் ஒருவருடைய வாய்ப்புகளைச் சுருக்குவதால் மருத்துவம் நியாயமான வாய்ப்புச் சமத்துவத்தின் கீழ் வரும் என்று விரித்தார். நிறுவனம் சுவிட்சர்லாந்தின் பாசெலில் இருக்கிறது, நோயாளி இந்தியாவில் இருக்கிறார். வேறுபாட்டுக் கொள்கை நாட்டு எல்லையைத் தாண்டுமா என்பதில் ரால்ஸும் அவரைப் பின்பற்றியவர்களும் ஒன்றுபடவில்லை. ரால்ஸ் தாண்டாது என்றார். தாமஸ் போகே தாண்ட வேண்டும் என்றார்.

நீங்கள் விட்டுவிட்ட ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமர்த்தியா சென், முழுமையான நீதி எது என்று கேட்பதற்குப் பதிலாக, கைவசமுள்ள வழிகளில் எது அநீதியைக் குறைக்கிறது என்று ஒப்பிடச் சொல்கிறார். மேலாளருக்கு அதுவே நடைமுறைக்கு ஏற்ற கேள்வி. ஒரே உலக விலையும் இலவசத் திட்டமும், நாட்டுக்கு நாடு மாறும் விலை, இந்தியத் தயாரிப்பாளர்கள் தயாரித்து விற்க நிறுவனமே முன்வந்து தரும் விருப்ப உரிமம் என்று அவர்முன் இருந்த வழிகளை முதலில் எழுதிவிட்டு, பிறகு கோட்பாடுகளைக் கொண்டுவாருங்கள்.

மறுமொழி 2 — மருந்தாளுநர்

ஆசிரியர் ஐயா விரிவாக எழுதியிருக்கிறார். மருந்துக் கடையின் மேசைக்குப் பின்னால் நிற்பவள் என்ற முறையில் நான் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

"மிகவும் பின்தங்கியவர்" யார் என்பதில்தான் மாணவியின் குழப்பம் பெரிதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இலவசத் திட்டத்தின் தகுதி வரம்புக்குள் வரும் ஓர் ஏழைக்கு மருந்து விலையின்றிக் கிடைத்தது. மாதம் 8,000 ரூபாய் ஜெனரிக் மருந்து அவருக்குக் கட்டுப்படியாகாது. அவரை மட்டும் பார்த்தால் வேறுபாட்டுக் கொள்கை நிறுவனத்தின் ஏற்பாட்டையே ஆதரிக்கும். உண்மையில் நடுவில் சிக்கியவர் வேறொருவர்: நிலையான ஊதியம் இருப்பதால் இலவசத் திட்டத்தில் சேர முடியாதவர், 1,20,000 ரூபாயைக் கனவிலும் கொடுக்க முடியாதவர். ஒரு சிறு கடைக்காரர், ஓர் எழுத்தர், ஒரு தனியார் பள்ளி ஆசிரியை ஆகியோரை எண்ணிப் பாருங்கள். ஜெனரிக் மருந்து இல்லையென்றால் அவர்கள் வீட்டையோ நிலத்தையோ விற்க வேண்டும், அல்லது மருந்தை நிறுத்த வேண்டும். இந்த நோயில் மருந்தை இடையில் நிறுத்துவது எவ்வளவு ஆபத்தானது என்பதை நோயாளிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

இரண்டாவதாக, இலவசமாகத் தருவதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் இல்லை. அந்த மாத்திரையால் உயிரோடு இருப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆனால் கொடை என்பது கொடுப்பவர் நிறுத்திக்கொள்ளக்கூடிய ஒன்று. வாழ்நாள் முழுவதும் ஒரு மாத்திரையை நம்பியிருக்கும் நோயாளி, தன் தகுதியை மீண்டும் மீண்டும் மெய்ப்பித்து, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் நல்லெண்ணம் தொடர வேண்டும் என்று காத்திருப்பது, உரிமையோடு மருந்து வாங்குவதற்கு ஒப்பாகாது. தன்மதிப்புக்கான சமூக அடிப்படைகளையும் ரால்ஸ் அடிப்படை நலன்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார் என்று படித்திருக்கிறேன். அது இங்கே பொருந்தும் அல்லவா?

விலை குறைவாக இருந்தால் அரசு வாங்கி விலையின்றித் தர முடியும் என்பதையும் மறக்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1994இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரி மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. அப்படிப்பட்ட கொள்முதல், ஒன்றுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்கள் போட்டியிட்டால்தான் பயன் தரும். காப்புரிமை கிடைத்திருந்தால் ஒப்பந்தப்புள்ளியில் கலந்துகொள்ள ஒரே ஒருவர்தான் இருந்திருப்பார்.

மறுமொழி 3 — மருந்துத் துறையில் உரிமப் பிரிவில் பணியாற்றியவர்

நிறுவனத்தின் தரப்பை யாரும் முழுமையாக எடுத்துரைக்கவில்லை என்பதால் எழுதுகிறேன். அதை நம்பித்தான் எழுதுகிறேன், விவாதத்துக்காக அல்ல.

ஒரு மருந்து சந்தைக்கு வரும்போது அதற்கு முன் தோற்றுப்போன பல மூலக்கூறுகளின் செலவையும் அது சுமக்கிறது. பயன்பாட்டுவாதத்தின்படி கணக்கிடுபவர் இன்றைய நோயாளிகளை மட்டும் எண்ணினால் போதாது. இன்னும் கண்டுபிடிக்கப்படாத மருந்துக்காக நாளை காத்திருக்கப்போகிறவர்களையும் எண்ண வேண்டும். கிளிவெக் கண்டுபிடிக்கப்பட்டிராவிட்டால் இந்த விவாதமே எழுந்திருக்காது. அந்த நோயாளிகள் மட்டும் இறந்திருப்பார்கள்.

ஆனால் இந்த வாதத்தின் எல்லையையும் ஒப்புக்கொள்கிறேன். ஆய்வுச் செலவை ஈட்டித் தருவது பெரும்பாலும் அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஜப்பானும்தான்; இந்தியாவில் மாதம் 1,20,000 ரூபாய் கொடுத்து வாங்கக்கூடியவர்களின் எண்ணிக்கை அந்த வருவாயில் மிகச் சிறு துளி. அப்படியானால் நிறுவனம் ஏன் விலையைக் குறைக்கவில்லை? ஒரு நாட்டில் குறைத்தால் மற்ற நாடுகளின் அரசுகளும் காப்பீட்டு அமைப்புகளும் அந்த விலையைச் சுட்டிக்காட்டிப் பேரம் பேசும் என்ற அச்சம் இத்துறையில் பொதுவாக உண்டு. இலவசமாகக் கொடுத்தால் விலைப்பட்டியல் மாறாது. வணிகக் கணக்கில் இது பொருளற்றதன்று, ஏழைக்கும் மருந்து கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த ஏற்பாட்டில் மருந்தாளுநர் அம்மா சொன்ன நடுத்தர வருவாய்க்காரரே விலை கொடுக்கிறார் என்பதை மறுக்க முடியவில்லை.

விலையே ஆய்வை ஊக்குவிக்கிறது என்ற வாதத்துக்கு எதிராக இன்னொரு செய்தியும் உண்டு. 2013இல் இந்த நோயைக் கையாளும் நூற்றுக்கும் மேற்பட்ட மருத்துவ வல்லுநர்கள் ஓர் இரத்தவியல் ஆய்விதழில் கூட்டாக எழுதிய கட்டுரை, அமெரிக்காவில் இமாடினிப்பின் ஆண்டு விலை 2001இல் சுமார் 30,000 டாலராக இருந்து 2012இல் 92,000 டாலராக உயர்ந்ததைச் சுட்டிக்காட்டியது. ஆய்வுச் செலவு முன்பே செய்து முடிக்கப்பட்டது. அதன் பிறகு விலை மும்மடங்கானதற்கு ஆய்வை மட்டும் காரணம் காட்ட முடியாது.

எனவே ஆசிரியர் ஐயா குறிப்பிட்ட விருப்ப உரிமம் பற்றி மாணவி கட்டாயம் எழுத வேண்டும். கல்லீரல் அழற்சி சி நோய்க்கான சோபோஸ்புவிர் மருந்து அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலருக்கு விற்கப்பட்டபோது, கிலியட் நிறுவனம் 2014 செப்டம்பரில் ஏழு இந்தியத் தயாரிப்பாளர்களுக்கு உரிமம் வழங்கி 91 வளரும் நாடுகளில் விற்க அனுமதித்தது. பிரேசில், சீனா, தாய்லாந்து போன்றவை அப்போது அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. குறை இருந்தாலும், இலவசத் திட்டத்துக்கும் உச்ச விலைக்கும் இடையே வேறொரு வழி நடைமுறையில் உண்டு என்பதற்கு அது சான்று. இன்னொரு புறம், உரிமம் தராமலும் விலையைக் குறைக்காமலும் இருந்தால் அரசு தலையிடும். பேயர் நிறுவனத்தின் புற்றுநோய் மருந்தான நெக்ஸாவர் மாதம் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்கப்பட்டது. 2012 மார்ச்சில் இந்திய நிறுவனமான நாட்கோவுக்கு, காப்புரிமையாளரின் இசைவின்றியே தயாரிக்க அரசு தரும் கட்டாய உரிமம் வழங்கப்பட்டு 8,800 ரூபாய்க்கு விற்க அனுமதி கிடைத்தது. விற்பனையில் 6 விழுக்காடு பேயருக்குப் பங்குத்தொகை.

மறுமொழி 4 — மேலாண்மை மாணவி

மூவருக்கும் நன்றி. ஐயா, இரண்டு கேள்விகள் எஞ்சியுள்ளன. ரால்ஸின் கொள்கைகள் அடிப்படைக் கட்டமைப்புக்கே உரியவை என்றால், மேலாளர் அவரை ஒதுக்கிவிட்டு, "நீதி அரசின் வேலை, எங்கள் வேலை சட்டத்துக்கு உட்பட்டு ஈட்டுவது" என்று சொல்லிவிடலாமா? மற்றொன்று, "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோற் செயின்" என்ற குறளை முன்னுரையில் வைக்க நினைக்கிறேன். அது அறியாமைத் திரைக்கு ஒப்பானது என்று எழுதலாமா?

மறுமொழி 5 — அறவியல் ஆசிரியர்

குறளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நடுவு நிலைமை அதிகாரத்தில் இருப்பதால் உங்களுக்கு அந்த ஒப்புமை தோன்றியது இயல்பே. ஆனால் பரிமேலழகர் அதற்குச் சொல்லும் விளக்கம், கொள்வது மிகையும் கொடுப்பது குறையும் ஆகாமல் செய்தல் என்பது. அது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான பரிமாற்ற நீதி. சந்தைக்கே வர முடியாதவருக்கு என்ன சேர வேண்டும் என்பது பங்கீட்டு நீதியின் கேள்வி. அந்தக் குறள் அதைத் தொடவில்லை. கொள்வது மிகையாகலாகாது என்ற அளவுகோலால் மூன்றாம் மறுமொழியில் கண்ட அமெரிக்க விலை உயர்வை நிச்சயமாக மதிப்பிடலாம். அறியாமைத் திரையோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

உங்கள் முதல் கேள்விதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சிக்கலின் மையம். மேலாளர் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது. ரால்ஸ் நிறுவன அமைப்புகளுக்கான கொள்கைகளோடு, தனிமனிதர்களுக்கான இயற்கைக் கடமைகளையும் கூறுகிறார். அவற்றுள் தலையாயது நீதியான அமைப்புகளைத் தாங்குவதும், அவை இல்லாத இடத்தில் பெருஞ்செலவின்றி இயலுமானால் அவை உருவாக உதவுவதும். இந்தக் கடமை பதவியால் வருவதன்று, எவருக்கும் உரியது. மேலாளர் பணியில் சேர்ந்ததும் அது அவரை விட்டு நீங்கிவிடுவதில்லை.

இப்போது வழக்கைத் திரும்பப் படித்தால், நிறுவனம் 2006இல் இரண்டு வேறுபட்ட செயல்களைச் செய்தது தெரியும். ஒன்று, தன் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதை எதிர்த்து முறையிட்டது. சட்டத்தின் பொருள் இதுதான் என்று வாதிடும் உரிமை எவருக்கும் உண்டு. அந்த வழியில்தான் 2007இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கும் பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் அது சென்றது. மற்றொன்று, 3(டி) பிரிவே சமத்துவம் பற்றிய அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்கும், அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்பாட்டுக்கும் மாறானது, அது நீக்கப்பட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் கேட்டது. டிரிப்ஸுக்கு உடன்பட்டதா என்பதைத் தான் தீர்மானிக்க இயலாது என்றும், 14ஆம் உறுப்பு மீறப்படவில்லை என்றும் நீதிமன்றம் கூறியது.

இந்த இரண்டாவது செயலின் விளைவு கிளிவெக்கோடு நின்றிருக்காது. அந்தப் பிரிவு, பழைய மருந்தின் உப்பையோ படிக வடிவத்தையோ மாற்றிக் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கொண்டே போவதைத் தடுக்கும் வேலி. அது நீக்கப்பட்டிருந்தால் காசநோய், எச்.ஐ.வி., நீரிழிவு என எல்லா நோய்களுக்கான மருந்துகளும், இந்தியாவிலிருந்து ஜெனரிக் மருந்து வாங்கும் ஆப்பிரிக்க நாடுகளும் பாதிக்கப்பட்டிருக்கும். விலையை என்னவாக வைப்பது என்ற கேள்வியில் மேலாளருக்குப் பல நியாயங்கள் இருக்கலாம். உரிமப் பிரிவு நண்பர் அவற்றை நேர்மையாக எடுத்துரைத்திருக்கிறார். ஒரு நாடு தன் நாடாளுமன்றத்தில் விவாதித்து, பன்னாட்டு உடன்பாட்டின் வரம்புக்குள் நின்று, தன் நோயாளிகளுக்காக அமைத்துக்கொண்ட ஓர் ஏற்பாட்டை, ஒரு மருந்தின் ஒரு படிக வடிவத்துக்காகத் தகர்க்க முயன்றதுதான் ரால்ஸின் இயற்கைக் கடமைக்கு நேர் எதிரானது. இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன். எதிர்த்தரப்பு இதற்குச் சொல்லக்கூடிய வலுவான விடை, ஒரு சட்டத்தின் செல்லுபடியை நீதிமன்றத்தில் சோதிப்பதும் நீதியான அமைப்பின் ஒரு பகுதியே என்பது. அதை உங்கள் கட்டுரையில் விட்டுவிடாதீர்கள். அந்த விடை வழக்குத் தொடுக்கும் உரிமையைக் காக்கும்; வழக்கில் எதைக் கேட்டார்கள் என்பதைக் காக்காது.

கோட்பாடுகள் எல்லாம் நீங்கள் விரும்பியதையே சொல்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். விலை என்ற ஒரே கேள்வியை எல்லாவற்றிடமும் கேட்டதால்தான் அப்படித் தோன்றியது. நோசிக்கிடம் 1998ஆம் ஆண்டு விண்ணப்பத்தைக் காட்டி உரிமையின் தோற்றத்தைக் கேளுங்கள். சென்னிடம் இலவசத் திட்டத்தையும் விருப்ப உரிமத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள். பயன்பாட்டுவாதியிடம் இந்தியச் சந்தையிலிருந்து வரும் வருவாய் நாளைய ஆய்வுக்கு எவ்வளவு உதவும் என்று கணக்குக் கேளுங்கள். ரால்ஸிடம் 2006ஆம் ஆண்டு மனுவைக் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் அவர்கள் உண்மையாகவே மோதுவார்கள். படிக வடிவத்துக்குப் பதிலாக இமாடினிப் மூலக்கூறுக்கே இந்தியாவில் முறையான காப்புரிமை கிடைத்திருந்தால், நோசிக் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம் சாய்வார். மற்ற மூவரும் சாயமாட்டார்கள். 2005க்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகள் பலவற்றின் நிலை அதுதான். உங்கள் கட்டுரையில் இடம் இருந்தால் நெக்ஸாவரை அங்கே கொண்டுவாருங்கள். அந்த மருந்துக்கு முறையான காப்புரிமை இருந்தது, இருந்தும் கட்டாய உரிமம் வழங்கப்பட்டது.

மறுமொழி 6 — மருந்தாளுநர்

ஐயா, அந்தக் கடைசிப் பகுதிக்கு ஒரு சேர்க்கை. நெக்ஸாவருக்கும் நிறுவனத்தின் உதவித் திட்டம் இருந்தது. சட்டம் கேட்ட கேள்வி, மருந்து பொதுமக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறதா, அவர்களுடைய நியாயமான தேவை நிறைவேறுகிறதா என்பதுதான். உதவித் திட்டத்தை அதற்கு ஈடாகக் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் ஏற்கவில்லை. கொடைக்கும் உரிமைக்கும் இடையில் நான் முன்பு சுட்டிய வேறுபாட்டை மாணவி சட்டத்தின் துணையோடு எழுத விரும்பினால், 2012ஆம் ஆண்டு ஆணையின் அந்தப் பகுதியை முதலில் படிக்கலாம்.